வெண்ணெயும் தோட்டத்து ஆகாரமும்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் இரண்டு மூன்று தலைமுறைகளைக் கழித்துவிட்டு, இன்று சிரம்பானிலும் நீலாயிலும் பகாவிலும் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், இரத்தப் பரிசோதனைத் தாள் வந்து சேர்ந்த மறுநாளே சமையலறையிலிருந்து முதலில் வெளியேற்றப்படும் பதார்த்தம் வெண்ணெயும் அதன் வழிவந்த நெய்யுமாகவே இருக்கிறது. கொலஸ்ட்ரால் உயர்ந்திருப்பதாகத் தாள் சொன்னால், வீட்டார் யாவரும் ஏகமனதாக நெய்க் கிண்ணத்தின்மீதே பழியைச் சுமத்துகின்றனர்; காலைதோறும் கடையில் உண்ணும் ரொட்டி சானாயைப் பற்றியும், அதனோடு குடிக்கும் தே தாரிக்கைப் பற்றியும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. இதற்கு நேர்மாறாக, வெண்ணெய் எவ்வளவு உண்டாலும் தோஷமில்லை, அது இருதயத்துக்கு அமிர்தம் என்று கைத்தொலைபேசி வழியே பரவும் உபதேசங்களை நம்பி, காலைக் காப்பியில் வெண்ணெய்க் கட்டியைக் கரைத்துக் குடிப்பவர்களும் இப்போது நம்மிடையே தோன்றியிருக்கின்றனர். இவ்விரு கட்சியினரும் செய்வது ஒரே பிழை என்பது என் அபிப்பிராயம். ஒரு பதார்த்தத்தை, அதனோடு சேர்த்து உண்ணப்படும் மற்ற ஆகாரத்தினின்றும், உண்பவருடைய சரீர உழைப்பினின்றும் பிரித்துத் தனியே கூண்டில் ஏற்றி நியாயம் விசாரிக்கின்றனர்.

லாபு, சிலியாவ், சுவா பெத்தோங், ஜெராம் பாடாங் முதலிய தோட்டங்களின் பெயரைக் கேட்டாலே தொழிலாளர் லயத்து வாழ்வை நினைவுகூரக்கூடிய முதியோர், வீட்டுக்குப் பின்புறத்து மாட்டுக் கொட்டகையையும் சேர்த்தே நினைவுகூர்வர். விடியுமுன் பெரட்டு எனும் வருகைப் பதிவுக்கு நின்று, மரத்துக்கு மரம் நடந்து பட்டை சீவி, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் வடித்துச் சுமந்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியவர்கள், பிற்பகலில் அரிவாளை எடுத்துக்கொண்டு மாட்டுக்குப் புல்லறுக்கப் போவார்கள். பசு கறந்த பாலில் பெரும்பகுதி தோட்டக் கணக்கரான கிராணி வீட்டுக்கும் பக்கத்துப் பட்டணத்துக் கடைகளுக்கும் விற்பனையாகிவிடும்; சம்பளத்துக்கு மேல் கையில் நின்ற காசு பல குடும்பங்களுக்கு அதுதான். எஞ்சிய பாலைக் காய்ச்சிப் பிரையிட்டு, மறுநாள் தயிரை மத்தால் கடையும்போது, முதலில் நுரையாகவும் பின்பு மணல்போன்ற சிறு துகள்களாகவும் வெண்ணெய் மேலே திரளும். பாட்டி கையை நீரில் நனைத்துக்கொண்டு அத்துகள்களைத் திரட்டி உருட்டிக் குளிர்ந்த நீருள்ள சட்டியில் மிதக்கவிடுவாள். சில நாள் சேர்ந்தபின் அதை அடுப்பேற்றி உருக்குவாள்; சடசடவென்ற ஓசை அடங்கி நிறம் பொன்னாகும் தறுவாயில் ஒரு பிடி முருங்கைக் கீரையை அதில் போடுவாள்; கீரை மொறுமொறுப்பானதும் இறக்கி வைப்பாள். அடியில் தங்கிய கசண்டைச் சோற்றில் பிசைந்து உண்ணக் குழந்தைகள் போட்டியிடுவார்கள்.

இதனால் தோட்டத்துத் தமிழர் வெண்ணெயிலேயே குளித்தார்கள் என்று எண்ணிவிடலாகாது. ஒரு லிட்டர் பசும்பாலில் உள்ள கொழுப்பு 35 முதல் 40 கிராம். அதிலிருந்து கிடைக்கும் வெண்ணெய் மிகுந்துபோனால் 45 கிராம். தினமும் ஒரு லிட்டர் பாலை விற்காமல் வீட்டுக்கென்று ஒதுக்கக்கூடிய அளவுக்கு வசதி படைத்த குடும்பத்திலும், ஆறு பேர் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கு ஒன்றரைத் தேக்கரண்டிக்குமேல் கிட்டாது. தோட்டத்து மக்களின் அன்றாடப் பானமாக இருந்தது வெண்ணெய் எடுக்கப்பட்ட மோரே. பாலின் கொழுப்பு பெரும்பாலும் நீங்கிவிட்டபோதிலும், தசையை வளர்க்கும் புரதமும் எலும்புக்கு வேண்டிய கால்சியமும் அந்த மோரிலேயே தங்கிவிடுகின்றன என்பதை அவர்கள் எந்த ஆராய்ச்சிச் சாலையிலும் கற்கவில்லை. ஆயினும் வெயிலில் வேலை செய்து திரும்பியவருக்கு உப்பிட்ட நீர்மோரைக் கொடுத்தார்கள்; நெய்யைக் குழந்தைக்கும், பிள்ளை பெற்றவளுக்கும், தீபாவளிப் பலகாரத்துக்கும் என்று காத்து வைத்தார்கள். அந்த ஒழுங்கில் வெண்ணெய்க்கு இருந்த ஸ்தானம் சிறிது. ஆனால் அது கௌரவமான ஸ்தானம்.

ஓர் ஆகாரத்தின் குணத்தை, அது எதனோடு சேர்ந்தது, எதற்குப் பதிலாக வந்தது என்பவற்றைக் கொண்டே மதிக்க வேண்டும் என்ற உண்மையை உலகத்துக்கு உணர்த்தியதில் இந்த நெகிரி செம்பிலான் மாநிலத்துக்கே தனிப் பங்கு உண்டு என்பதை நம்மவர் பலர் அறியார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் வெள்ளீயச் சுரங்கங்களில் பெரிபெரி என்னும் வியாதி சீனத் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் பலிகொண்டு வந்தபோது, இம்மாநிலத்தின் அரசாங்க மருத்துவராயிருந்த லெனார்ட் பிராடன் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். அதே சீதோஷ்ணத்தில், அதே ஏழ்மையில் உழைத்த தமிழர்களை அந்த வியாதி அநேகமாகத் தீண்டவில்லை. சுரங்கத்தார் உண்டது தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர் உண்டதோ அவித்துக் காயவைத்துக் குத்திய புழுங்கல் அரிசி. 1907இல் வெளியிட்ட பெரிய நூலில் பிராடன் இந்த வேறுபாட்டை விரித்தெழுதினார். பழைய அரிசியில் உண்டாகும் ஒரு விஷமே காரணம் என்று அவர் கருதியது பிழையாயினும், அவர் சுட்டிய திசை சரியானது. அவ்வாண்டிலேயே கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர், நமது ஜெலெபு வட்டாரத்துக் காட்டில் வேலை செய்த 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் அளித்துப் பரீட்சித்தனர். வெள்ளை அரிசி உண்டவர்களிடமே பெரிபெரி தோன்றியது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது வியாதியும் பிரிவு மாறியது. அரிசியின் தவிட்டோடு கழிந்துபோகும் ஒரு ஜீவசத்தின் குறைவே வியாதிக்கு மூலம் என்பது பின்னர் நிச்சயமாகி, 1926இல் அச்சத்து ஜாவாவில் தனியே பிரித்தெடுக்கவும்பட்டது. அரிசி நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்டிருந்தால், அந்த ஆராய்ச்சியாளர்களுக்கு எந்த விடையும் கிடைத்திராது. எந்த அரிசி, யாருக்கு, வேறு எதனோடு என்று கேட்டதனாலேயே விடை கிடைத்தது.

வெண்ணெயைப் பற்றியும் நாம் அவ்வாறே கேட்போம். நூறு கிராம் வெண்ணெயில் ஏறக்குறைய 80 கிராம் கொழுப்பு. அதிலும் 50 கிராம் அளவு பூரிதக் கொழுப்பு, அதாவது இன்றைய பாடநூல்கள் நிறைவுற்ற கொழுப்பு என்று கூறுவது. இது இரத்தத்தில் எல்.டி.எல். என்னும் தீய கொலஸ்ட்ராலை உயர்த்துகிறது என்பதில் ஐயமில்லை. நமக்கு வேண்டிய மொத்த சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குமேல் பூரிதக் கொழுப்பினின்று வரலாகாது என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் வரையறுத்திருக்கிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு அது சுமார் 22 கிராம். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் மட்டும் 7 கிராம் அடங்கிவிடுகிறது. எனவே, தாராளமாக உண்ணலாம் என்று உபதேசிப்போர் கூற்றை நான் ஏற்பதற்கில்லை.

ஆனால் வெண்ணெயை விலக்கியவர்கள் அதன் இடத்தில் எதை வைத்தார்கள் என்பதைப் பார்க்கும்போதுதான் மறுகட்சியின் பிழை புலப்படுகிறது. 1869இல் பிரான்சு தேசத்தில், மன்னன் மூன்றாம் நெப்போலியன் அறிவித்த பரிசுக்காக, வெண்ணெய்க்கு மலிவான பிரதிப் பொருளாக மாட்டுக் கொழுப்பிலிருந்து மார்ஜரின் உண்டாக்கப்பட்டது. பிற்காலத்தில் தாவர எண்ணெய்களுக்குள் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி அவற்றைக் கெட்டியாக்கும் முறை வந்தது. இந்தியாவில் டால்டா என்று வீடுதோறும் புகுந்த வனஸ்பதி அவ்வகையினதே. 1961இல் அமெரிக்க இருதய சங்கம் பூரிதக் கொழுப்பைக் குறைக்குமாறு அறிவுறுத்தியபின், வெண்ணெயை விட்டவர்களில் எத்தனையோ பேர் நல்லது செய்வதாக நம்பிக் கெட்டியான மார்ஜரினைப் பூசிக்கொண்டார்கள். அவ்வாறு அரைகுறையாகக் கெட்டியாக்கும்போது பிறக்கும் டிரான்ஸ் கொழுப்பு, தீய கொலஸ்ட்ராலை உயர்த்துவதோடு நில்லாமல் நல்ல கொலஸ்ட்ராலையும் குறைத்துவிடுகிறது என்று 1990இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் நிரூபித்தனர். டென்மார்க் 2003இல் அதற்குச் சட்டவரம்பு விதித்தது. 2018இல் உலகச் சுகாதார ஸ்தாபனம், தொழிற்சாலையில் உண்டாகும் அக்கொழுப்பை எல்லா நாடுகளும் அறவே ஒழிக்க வேண்டும் என்று அழைப்பு விடுத்தது.

வெண்ணெயை மாத்திரம் எடுத்துக்கொண்டு, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளிவந்த ஆராய்ச்சி, நாளொன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி அளவுக்கும் இருதய வியாதிக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு எதையும் காணவில்லை. 2025இல் அமெரிக்காவில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோரை நீண்டகாலம் தொடர்ந்து பார்த்த வேறோர் ஆராய்ச்சி, வெண்ணெயை மிகுதியாக உண்டவர்களிடம் மரண விகிதம் சற்று அதிகமாகவும், சோயா, கனோலா, ஆலிவ் எண்ணெய்களை மிகுதியாகப் பயன்படுத்தியவர்களிடம் குறைவாகவும் இருக்கக் கண்டது. இவை ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றினும் உண்மையில் மறுக்கவில்லை. வெண்ணெயின் இடத்தில் நல்ல எண்ணெய் வந்தால் இலாபம் உண்டு. வெள்ளை ரொட்டியும் சீனியும் வந்தால் இலாபம் யாதுமில்லை.

நமது நாட்டில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1960களிலிருந்து ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. இளங்கன்றுகளை மாடு மேய்ந்துவிடும் என்று நிர்வாகங்கள் மாடு வளர்ப்பைக் கட்டுப்படுத்தின. பிறகு தோட்டங்களே துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலங்களாயின. பசு போன வழியே தயிரும் மோரும் போயின. அவற்றின் இடத்தில், அரசாங்க மானியத்தால் 2 ரிங்கிட் 50 சென்னுக்குக் கிடைக்கும் ஒரு கிலோ செம்பனை எண்ணெய்ப் பொட்டலம் வந்து அமர்ந்தது. செம்பனை எண்ணெயைத் தூற்றுவது என் நோக்கமன்று. இயல்பாகவே அரைக் கெட்டியான அதனை ஹைட்ரஜனேற்றாமலே மார்ஜரினாக்க முடிவதால், டிரான்ஸ் கொழுப்பின் அபாயம் அதில் குறைவு. ஆயினும் அதன் கொழுப்பில் பாதி பூரிதமே. நல்லெண்ணெயில் அது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். ஆகவே வெண்ணெயை நிறுத்திவிட்டுச் செம்பனை எண்ணெயில் பொரித்ததை மூன்று வேளையும் உண்பவர், மேல்நாட்டு ஆராய்ச்சி கூறும் இலாபத்தைத் தாமும் அடைந்துவிட்டதாக எண்ணலாகாது. அண்டை வீட்டு மலாய்க்காரரிடம் நாம் விரும்பிக் கற்ற மசாக் லெமாக்கில் ஊற்றும் தேங்காய்ப்பாலும் இந்தக் கணக்கில் சேரும். தேங்காய்க் கொழுப்பு வெண்ணெயைக் காட்டிலும் பூரிதம் மிகுந்தது.

ரொட்டி சானாய் போடும் கடையில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். மைதா மாவில் மார்ஜரினும் சீனியும் சேர்த்துப் பிசைந்த உருண்டைகள், மேலும் மார்ஜரின் பூசப்பட்டுத் தட்டில் வரிசையாக ஊறிக்கொண்டிருக்கும். வீசி விரித்த மாவின்மீது எண்ணெய் தெளிக்கப்படும். கல்லில் மறுபடியும் ஊற்றப்படும். பக்கத்தில் கண்ணாடிக் குவளையில் இறங்கும் கெட்டிப்பால் என்பது பெரும்பாலும் செம்பனைக் கொழுப்பும் சீனியும் கலந்த கிரீமர். வீட்டில் இட்டலிப் பொடிக்கு ஒரு தேக்கரண்டி நெய் விட்டுக்கொள்ளும் கிழவியைக் கண்டிக்கிற பேரன், இதை நாள்தோறும் உண்கிறான். அவன் பாட்டனைப்போல் விடியற்காலையில் நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி நடப்பவனும் அல்லன். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியரில் வயது வந்தோர் பத்துப் பேரில் மூவருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் மற்ற இனத்தாரைவிட இது அதிகம். இந்தத் துயரத்துக்குத் தேக்கரண்டி நெய்யைக் காரணமாக்குவது நியாயமாகாது.

ஆரோக்கியமாயிருப்பவர் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டி வெண்ணெயோ நெய்யோ உண்பதில் அஞ்சத்தக்கது ஏதுமில்லை என்பது என் முடிவு. ஆனால் நீரும் பாலின் திடப்பொருளும் நீங்கிய நெய், எடைக்கு எடை வெண்ணெயைவிடக் கொழுப்பு மிகுந்தது என்பதை நினைவில் வைக்கவேண்டும். தீய கொலஸ்ட்ரால் உயர்ந்தவர்களும், இருதய வியாதி கண்டவர்களும், நீரிழிவுக்காரர்களும் அதையும் குறைத்து, மருத்துவர் விதித்த மாத்திரையைக் கைத்தொலைபேசி உபதேசத்தை நம்பி நிறுத்தாமல் இருக்க வேண்டும். தாளிப்புக்கு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் போதும். பாலை வாங்கித் தயிராக்கிக் கடைந்து மோராக்குவதற்குக் கொட்டகையோ புல்வெளியோ தேவையில்லை; தாமான் வீட்டிலும் அது இயலும். பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எதை நிறுத்துவது என்று கேட்கும் அன்பர்களே, முதலில் கிரீமர் டின்னை நிறுத்துங்கள். அடுத்துப் பொரித்த பலகாரத்தையும் தட்டு நிறைந்த வெள்ளைச் சோற்றையும் குறையுங்கள். வெண்ணெயின் முறை அதற்குப் பின்னரே.