கட்டையாக இருந்தால் ஆயுளும் கட்டையா?

கிளினிக் நாளில் தொங்கு தராசின் காற்சட்டைக்குள் பிள்ளை கால் உதறி அழும். குடும்பநல மாது நிறையைப் பார்த்துக் கொப்பியில் புள்ளி வைப்பார். புள்ளி கீழே விழுந்தால் தாய்க்கு முகம் சுருங்கிவிடும். “மிஸ், இவன் வளரமாட்டானோ?”

வளர்த்தி குறைந்தால் ஆயுள் குறையுமா? கதை அவ்வளவு நேரானதல்ல.

யானையும் நாயும்

வன்னிக் காட்டு யானை அறுபது வருடம் வாழும். வீட்டு எலிக்கு இரண்டு, மூன்று வருடமே அதிகம். ஆனால் ஒரே இனத்துக்குள் கணக்கு மாறுகிறது. கிரேட் டேன் நாய் பத்து வயதைத் தாண்டுவது அரிது. சின்ன இன நாய்கள் பதினைந்தையும் காணும்.

காரணத்தின் ஒரு பகுதி வளர்ச்சி ஓமோன். கபச் சுரப்பியிலிருந்து வரும் அது, ஈரலைக் கொண்டு ஐ.ஜி.எவ்-1 என்ற இன்னொன்றைச் சுரக்கவைக்கும். எலும்பு நீள்வதும் கலங்கள் பெருகுவதும் அதனால்தான். கலம் பெருகப் பெருகப் பிழைகளுக்கும் இடமுண்டு. மனிதரில் உயரம் 10 செ.மீ. கூடினால் புற்றுநோய் ஆபத்து ஏறத்தாழ 10% கூடுகிறது. மாரடைப்பு மட்டும் உயரமானவர்களுக்குச் சற்றுக் குறைவு.

ஈக்குவடோரின் மலைக் கிராமங்களில் லாரன் குறைபாடுள்ள நூறு பேரளவில் இருக்கிறார்கள். ஓமோன் சுரக்கும்; உடல் அதை ஏற்காது, அதனால் வளர்த்தி குன்றிவிடும். 2011இல் வெளியான ஆய்வில், 22 வருடக் கண்காணிப்பில் அவர்களில் ஒருவருக்கும் நீரிழிவு இல்லை, புற்றுநோயும் ஒருவருக்குத்தான். ஆனாலும் ஆயுள் நீளவில்லை. விபத்தும் மதுவும் வேறு வழியில் எடுத்துக்கொண்டன.

பசியால் வந்த கட்டை

இதைக் கேட்டு நம் பிள்ளை சிறுத்திருப்பது நல்லதென்று எண்ணிவிடக் கூடாது. 2009இல் வன்னிப் போரின்போது அரிசியும் உப்பும் போட்ட கஞ்சியில் நாள் கடத்திய தாய்மாரின் வயிற்றில் இருந்த பிள்ளைகள் இன்று இளைஞர்கள். 1944-45 பஞ்சத்தில் நெதர்லாந்தில் கருவிலிருந்தவர்களுக்கு, நடுத்தர வயதில் சீனி கட்டுப்படுவது சிரமமாக இருந்தது. பட்டினியில் உருவான உடல் சேமிக்கப் பழகிவிடுகிறது. பிறகு கொத்துரொட்டியும் சோடாவும் வந்தால் வயிறுதான் முன்னே வரும். 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தவர்கள் இடுப்புச் சுற்றளவைக் கவனித்து, முப்பதுக்கு முன்பே வெறும் வயிற்றில் சீனி பார்ப்பது நல்லது.

ஊசி வேண்டாம்

‘இளமை திரும்பும்’ என்று வளர்ச்சி ஓமோன் விற்பவர்களை நம்பாதீர்கள். அது மிதமிஞ்சிச் சுரப்பவர்களுக்குக் கையும் தாடையும் பெருக்கும். நீரிழிவும் இதயநோயும் வரும். குறைபாடு உறுதியான பிள்ளைக்கு அந்த ஊசி மருந்துதான், ஆனால் அதைச் சொல்லவேண்டியவர் ஓமோன் வைத்திய நிபுணர்.

அந்தத் தாய்க்கு மாது சொன்னதும் இதுதான்: “ஒரு புள்ளியைப் பார்க்காதேங்கோ அம்மா, கோடு எந்தப் பக்கம் போகுது எண்டு பாருங்கோ. அடுத்த மாசமும் கொண்டுவாங்கோ.”