ரைன் நதிக்கரை யாத்திரை

கல்வியின் பொருட்டு ஐரோப்பாவுக்குச் செல்லும் நம் மாணவர்க்கு இரண்டு வகையான அச்சங்கள் உண்டு. தந்தையார் கடன்பட்டு அனுப்பிய பொருளை ஊர் சுற்றுவதிற் செலவிடுதல் முறையன்றென எண்ணி, விடுதிக்கும் வாசகசாலைக்கும் இடையே நடந்தே காலத்தைக் கழித்துவிடுவார் சிலர். மீண்டு வருமுன் யாவற்றையும் கண்டுவிட வேண்டுமே என்றஞ்சி, பத்து நாளிற் பத்துத் தலைநகரங்களைச் சுற்றி வருவார் வேறு சிலர். முன்னவர்க்கு அக்கண்டம் ஒரு பரீட்சை மண்டபமாகவே முடிகின்றது. பின்னவர்க்குப் புகைப்படங்களும் களைப்பும் மிஞ்சுகின்றன.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியொன்று உண்டு. ஒரு நதியையோ ஒரு பழைய வாணிபப் பாதையையோ துணையாகக் கொண்டு, விடுமுறைதோறும் சிறிது சிறிதாக அதனைப் பின்தொடர்ந்து செல்லுதலே அது. அங்ஙனம் செல்வார்க்கு ஓர் ஊர் மற்றோர் ஊருக்கு உரையாக அமையும். யான் ஸ்திராஸ்பூர் சர்வகலாசாலையில் இரண்டாண்டு பயின்ற காலத்து ரைன் நதியை இவ்வாறு பின்தொடர்ந்தேன். அந்நதிக்கரையில் ஒரு மாணவன் கண்டு தெளியத்தக்கவை யாவை என்பதை நம் கல்லூரி நண்பர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரைன் நதி சுவிட்சர்லாந்து தேசத்து ஆல்ப்ஸ் மலையில் உற்பத்தியாகி, ஏறக்குறைய 1,230 கிலோமீட்டர் தூரம் ஓடி, ஹாலந்தில் வடகடலோடு கலக்கின்றது. அதன் கரையில் ரோமானியர் பாசறை அமைத்தனர். அரசர்கள் கோட்டை கட்டிச் சுங்கம் வாங்கினர். வணிகர் கிடங்குகள் எழுப்பினர். நெப்போலியனுடைய போர்கள் முடிந்து 1815-ஆம் ஆண்டில் வியன்னாவிற் கூடிய வல்லரசுகள், அந்நதியில் யாவரும் தடையின்றிக் கலஞ்செலுத்தும் உரிமையை ஒப்புக்கொண்டன. அதனைக் காத்தற்கு ஏற்படுத்திய சபை இன்றளவும் ஸ்திராஸ்பூரில் நடைபெற்று வருகின்றது. பல தேசத்தார் ஒருங்குகூடி நடத்தும் சபைகளுள் மிகப் பழையது அதுவே என்பர்.

ஸ்திராஸ்பூர் நகரம் பிரான்சின் கீழெல்லையில் உள்ளது. அதன் நடுவே செந்நிற மணற்கல்லாற் கட்டிய பேராலயம் 142 மீட்டர் உயர்ந்து நிற்கின்றது. 1439-இல் அதன் கோபுரம் முற்றுப்பெற்றது. 1647 முதல் 1874 வரை உலகத்துக் கட்டிடங்கள் எல்லாவற்றினும் உயர்ந்தது இதுவே. இரண்டு கோபுரங்களுக்கு இடம் விட்டிருந்தும் ஒன்றே எழுந்தது. மற்றொன்று எக்காலத்தும் கட்டப்படவில்லை. 1770-இல் சட்டம் பயிலும் பொருட்டு இவ்வூருக்கு வந்த ஓர் இளைஞர், உயரமான இடங்களில் தமக்குத் தலைசுற்றும் குறையைப் போக்கிக்கொள்ள இக்கோபுரத்தின்மீது பன்முறை தனியே ஏறி நின்றார். அவரே பின்னாளில் ஜெர்மானிய மகாகவியாக விளங்கிய கெதே. பாடத்தைவிட ஊரே அவருக்கு மிகுதியாகக் கற்பித்தது எனலாம்.

அவ்வூர் எத்தேசத்தது என்னும் வினாவுக்கு விடையளித்தல் எளிதன்று. 1681-இல் பதினான்காம் லூயி மன்னன் அதனைப் பிரான்சோடு சேர்த்தான். 1871-இல் ஜெர்மனி அதனைக் கொண்டது. 1918-இல் மீண்டும் பிரான்ஸ். 1940-இல் மீண்டும் ஜெர்மனி. 1944-இல் மறுபடியும் பிரான்ஸ். 1870-இல் அங்கே பிறந்து 75 ஆண்டு வாழ்ந்த ஒருவர், தம் வீட்டை விட்டு நகராமலே நான்குமுறை தேசம் மாறியிருப்பார்! பள்ளியிற் கற்பிக்கும் மொழியும், தெருக்களின் பெயரும், தபால் தலையும் அம்முறைதோறும் மாறின.

இவ்வரலாற்றைப் புத்தகத்திற் படித்தே யான் சென்றேன். எனினும், அதன் பொருள் விளங்கியது குடியரசுச் சதுக்கத்தில் உள்ள ஒரு சிலையின் முன்னரேயாம். 1936-இல் நிறுவிய போர் ஞாபகச் சின்னம் அது. ஒரு தாய் அமர்ந்திருக்கின்றாள். உயிர் நீங்கும் நிலையில் இரு புதல்வர் அவள் மடியிற் சாய்ந்து கிடக்கின்றனர். ஒருவன் பிரான்சுக்காகப் போரிட்டவன். மற்றவன் ஜெர்மனிக்காகப் போரிட்டவன். யார் எவரென அறிய வழியில்லை. ஏனெனில் இருவர் மேலும் சேனையுடை இல்லை. சாகுந் தறுவாயில் அவர்தம் கைகள் ஒன்றையொன்று பற்றுகின்றன. பிரான்ஸ் தேசத்துப் பிற ஊர்களில் இத்தகைய சின்னங்களின்மீது தேசத்துக்காக மாண்டவர் என்று பொறித்திருப்பது வழக்கம். ஈண்டு ‘இறந்த நம்மவர்க்கு’ என்னும் பொருள்பட மட்டுமே எழுதியுள்ளனர். முதலாம் யுத்தத்தில் அந்நாட்டு இளைஞரிற் பெரும்பாலோர் ஜெர்மானியச் சேனையில் இருந்தவர் ஆதலின், வேறெவ்வாறு எழுதுதல் கூடும்? என்னோடு பயின்ற அவ்வூர் மாணவர் ஒருவர், தம் குடும்பத்திலும் இரு சேனைகளில் இருந்தவர் உண்டெனக் கூறிவிட்டு மேலொன்றும் பேசவில்லை.

அச்சதுக்கத்தைக் கண்டவன் அடுத்து ரைன் பாலத்துக்குச் செல்லுதல் வேண்டும். இக்கரை பிரான்ஸ், அக்கரையில் கேல் என்னும் ஜெர்மானியச் சிற்றூர். 1960-இல் கட்டிய ‘ஐரோப்பாப் பாலம்’ வண்டிகளுக்கு உரியது. 2004-இல் நடப்போர்க்கும் மிதிவண்டிக்கும் தனியே ஒரு பாலம் அமைத்தனர். 2017 முதல் நகரத்து டிராம் வண்டியே நதியைக் கடந்து செல்லுகின்றது. காய்கறி வாங்கும் கூடையோடு மாதர் எல்லை கடப்பதை அங்கே நாடோறும் காணலாம். ஒருகாலத்தில் பீரங்கிகள் ஒன்றையொன்று நோக்கி நின்ற கரைகள் இவை. 1949-இல் தோன்றிய ஐரோப்பியக் கவுன்சிலும், மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய நீதிமன்றமும் இவ்வூரைத் தம் இருப்பிடமாகக் கொண்டதன் காரணம், தாயின் சிலையைக் கண்டபின் சொல்லாமலே விளங்கும்.

இனி நதியின் மேற்புறம் செல்லுவோம். ரெயிலேறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரை அடையலாம். அங்கே பௌதிக மாணவர் தவறாது காணவேண்டியது ஓர் ஓடம். ஆற்றின் குறுக்கே உயரத்தில் இரும்புக் கயிறு கட்டியிருக்கின்றார்கள். அதன்மீது ஓடும் உருளையோடு மற்றொரு கயிற்றால் ஓடத்தைப் பிணித்துள்ளனர். ஓடக்காரர் ஓடத்தை நீரோட்டத்துக்குச் சற்றே சாய்வாகத் திருப்புகின்றார். நீர் ஓடத்தின் பக்கத்தை அழுத்துகின்றது. கயிறோ அது கீழ்நோக்கிப் போகவொட்டாமல் தடுக்கின்றது. இவ்விரு விசைகளும் கூடி ஓடத்தை அக்கரைக்குக் கொண்டு சேர்க்கின்றன. யந்திரமில்லை, துடுப்புமில்லை, புகையுமில்லை. கரும்பலகையில் அம்புக்குறிகளாக நாம் வரைந்த விசைகளின்மீது ஏறி உட்கார்ந்து ஆற்றைக் கடக்கலாம்!

அந்நதியை அழிக்கவும் மனிதனால் இயலும் என்பதற்கும் பாசெலே சான்று. 1986-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று நகரத்தருகே ஒரு ரசாயனக் கிடங்கு தீப்பற்றியது. தீயணைக்கப் பாய்ச்சிய நீரோடு பூச்சிமருந்துகள் நதியிற் கலந்தன. நீர் சிவந்தது, விலாங்கு மீன்கள் திரள்திரளாய் மடிந்தன. நஞ்சுக்கு எல்லைக்கோடு ஏது? அது தேசந்தேசமாகக் கீழே சென்றது. அடுத்த ஆண்டிலேயே நதிக்கரைத் தேசங்கள் கூடித் திட்டம் வகுத்து நீரைத் தூய்மை செய்யலாயின. அற்றுப்போயிருந்த சால்மன் மீன்கள் மீண்டும் நதியிற் காணப்படுகின்றன. எனினும், இடையிலுள்ள அணைகளைக் கடந்து அவை பாசெல்வரை பெருவாரியாக வருதற்கு வழி இன்னும் முற்றும் திருந்தவில்லை.

பாசெல் பேராலயத்தில் 1536-இல் மறைந்த எராஸ்மஸ் என்னும் பேரறிஞரின் கல்லறை உள்ளது. ரைன் கடலோடு சேரும் ராட்டர்டாமில் அவர் பிறந்தார், பாரிஸிற் பயின்றார், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜிற் கற்பித்தார், பாசெலில் நூல்களைப் பதிப்பித்தார். ஊர்தோறும் கல்வியைத் தேடிய அவர் பெயரையே, ஒரு தேசத்து மாணவர் மற்றொரு தேசத்திற் பயிலுதற்கென 1987-இல் தொடங்கிய ஐரோப்பியத் திட்டத்துக்குச் சூட்டியுள்ளனர். அதன் வாயிலாக இதுகாறும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பிற தேசம் சென்றிருக்கின்றனர்.

இனி நீரோட்டத்தோடு கீழ்நோக்கிச் சென்றால் ஜெர்மனியின் மைன்ஸ் நகரம் வரும். கூட்டன்பர்க் பிறந்த ஊர் இது. அவர் சில ஆண்டுகள் ஸ்திராஸ்பூரில் வாழ்ந்தவர். அங்கே அவர் சிலையொன்றும் உண்டு. மைன்ஸுக்கு மீண்டு 1455-ஆம் ஆண்டையொட்டி அவர் அச்சிட்டு முடித்த வேதாகமத்தை அவ்வூர்க் காட்சிசாலையிற் காணலாம். உலோகத்தை உருக்கித் தனித்தனி எழுத்துக்களாக வார்த்து, அவற்றைக் கோத்து, மையிட்டு, அழுத்துப்பொறியால் தாளிற் பதித்தல் அவர் கண்ட முறை. அப்பொறி திராட்சைரசம் பிழியும் பொறியை ஒத்தது. திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த அக்கரையைக் கண்டவர்க்கு அது வியப்பாயிராது. அக்கலை கடல் கடந்து வந்து, 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் தமிழ் நூல் அச்சேறியது. இந்தியமொழி எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அதுவே. இச்சஞ்சிகையின் பக்கங்களுக்கும் மைன்ஸ் நகரத்துப் பட்டறைக்கும் உள்ள உறவு இத்துணை நேரானது.

மைன்ஸுக்குக் கீழே பிங்கன் முதல் கோப்லன்ஸ் வரை ஏறக்குறைய 65 கிலோமீட்டர் தூரம் நதி மலைகளை அறுத்துக்கொண்டு செல்லுகின்றது. இருமருங்கும் பழைய கோட்டைகள் நிற்கின்றன. பொருள் குறைந்த மாணவர்க்கு அங்கே ஒரு நற்செய்தி உண்டு. பாக்கராக் என்னும் சிற்றூரின் மேலுள்ள ஸ்டாலெக் கோட்டை, இளைஞர் குறைந்த செலவில் தங்கும் விடுதியாக நடைபெறுகின்றது. ஷிர்மன் என்னும் ஜெர்மானியப் பள்ளியாசிரியர் 1912-இல் அல்டெனா கோட்டையில் அமைத்த விடுதியிலிருந்து உலகெங்கும் பரவிய ஏற்பாடு இது.

அடுத்து வருவது கொலோன். அங்குள்ள பேராலயத்தின் வேலை 1248-இல் தொடங்கியது. பதினாறாம் நூற்றாண்டிற் பணி நின்றது. முற்றுப்பெறாத கோபுரத்தின் உச்சியில் பாரந்தூக்கும் மரப்பொறி ஒன்று நூற்றாண்டுக்கணக்காக அப்படியே நின்றது. முகப்பின் பழைய வரைபடம் இரு துண்டுகளாகி மறைந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு துண்டு டார்ம்ஸ்டாட் நகரிலும் மற்றது பாரிஸிலும் அகப்பட்டன. அவ்வரைபடத்தைப் பின்பற்றி 1842-இல் மீண்டும் பணி தொடங்கி 1880-இல் முடித்தனர். 157 மீட்டர் உயர்ந்த இரு கோபுரங்கள் எழுந்தன. 533 படிகளேறி மேலே நின்றபோது, ஸ்திராஸ்பூரில் எழாதுபோன இரண்டாங் கோபுரம் என் நினைவுக்கு வந்தது. முன்னோர் விட்ட பணியைப் பின்னோர் முடித்தலும் உண்டு. விட்டபடியே அதனை அழகென ஏற்றலும் உண்டு. இரண்டு ஊரையும் கண்டவனுக்கன்றோ இவ்வேறுபாடு தோன்றும்!

ஹாலந்தை அடைந்த நதி பல கிளைகளாய்ப் பிரிகின்றது. அவற்றிலொன்றின் நீர் ராட்டர்டாம் துறைமுகத்தின் வழியே கடல் சேர்கின்றது. 1940 மே 14-ஆம் தேதி ஜெர்மானிய விமானங்கள் வீசிய குண்டுகளால் அந்நகரின் நடுப்பகுதி அழிந்தது. அழிவை நினைவூட்ட 1953-இல் சட்கின் என்னும் சிற்பியின் வெண்கலச் சிலையை நிறுவினர். வானை நோக்கிக் கைகளை உயர்த்திக் கதறும் மனிதன் அவன்; அவன் மார்பும் வயிறும் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பொத்தல். நெஞ்சிழந்த நகரம் அது. அவ்வூரிலேயே, யுத்தத்துக்குத் தப்பிய மற்றொரு வெண்கலச் சிலையும் உள்ளது. 1622-இல் வார்த்தது, கையில் விரித்த புத்தகத்தோடு எராஸ்மஸ் நிற்கின்றார். பாசெலில் அவர் கல்லறையைக் கண்டு, ஈண்டு அவர் பிறந்த ஊரைக் காண்பவனுக்கு நதி ஒரு முழு நூலாகிவிடுகின்றது.

செலவைப்பற்றியும் ஒருசில கூறுதல் வேண்டும். ஷெங்கன் உடன்படிக்கைத் தேசமொன்றில் வசிக்கும் அனுமதி பெற்ற மாணவர், மற்ற உடன்படிக்கைத் தேசங்களுக்கு 180 நாட்களில் 90 நாள்வரை தனி விசாவின்றிச் சென்று வரலாம். பாஸ்போர்ட்டையும் அனுமதிச் சீட்டையும் உடன்கொண்டு செல்லுதல் அவசியம். 1972-இல் ஏற்பட்ட இன்டர்ரெயில் சீட்டு, ஐரோப்பாவில் வசிக்கும் அயல்நாட்டினர்க்கும் கிடைக்கும். இளைஞர்க்குக் கட்டணம் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்கும் 26 வயதுக்குட்பட்டோர், பிரான்சின் தேசியக் காட்சிசாலைகளில் நிரந்தரப் பகுதிகளைக் கட்டணமின்றிக் காணலாம். பையில் ரொட்டியும் பழமும் இருந்தால் உணவுச் செலவு பெரிதாகாது. யான் பெரும்பாலும் சனிக்கிழமை காலை சென்று ஞாயிறு இரவு மீண்டேன். பாடத்துக்கு இடையூறு நேர்ந்ததில்லை.

ரைன் இல்லாத ஊரிற் பயில்வாரும் வருந்த வேண்டுவதில்லை. தான்யூப் உண்டு, தேம்ஸ் உண்டு, எல்பும் உண்டு. புறப்படுமுன் அவ்வூர் வரலாற்றை ஒரு மணி நேரமேனும் படித்துக்கொள்க. கண்டதை அன்றிரவே குறித்து வைக்க. அவ்வூரார் ஒருவரோடேனும் உரையாடுக. இம்மூன்றையும் கைக்கொள்ளும் மாணவன் ஊர் சுற்றியவன் ஆகான்; பெற்றோர் அனுப்பிய பொருளுக்கு நேர்மையாகக் கணக்குக் காட்ட வல்லவனே ஆவான். இவ்வாண்டு பரீட்சை முடித்து மேனாடு செல்லவிருக்கும் நம் இளைஞர்கள், தம் பெட்டியில் ஒரு நல்ல தேசப்படத்துக்கும் இடம் ஒதுக்குவாராக.