சொகுசுக் கப்பலின் கீழ்த்தளம்: அன்றும் இன்றும்

1912 ஏப்ரல் 15 அதிகாலை 2.20 மணிக்கு டைட்டானிக் கடலுக்குள் போனது. அதில் வேலை பார்த்த ஸ்டூவர்டுகள், சமையல்காரர்கள், கரி தள்ளியவர்கள் எல்லோருடைய சம்பளக் கணக்கும் அந்த நேரத்தோடு முடிக்கப்பட்டது. கப்பல் இல்லையென்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கூலி இல்லை என்பதுதான் அன்றைய நடைமுறை. குளிர்ந்த கடலில் படகில் கிடந்து உயிர் பிழைத்தவருக்கும் அதற்குப் பிறகான நாட்களுக்குக் காசு கிடையாது. கப்பல் மூழ்கினால் மாலுமிக்கு இரண்டு மாதம் வரையாவது ஊதியம் தர வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை கொண்டுவந்தது 1920இல்தான்.

சொகுசுக் கப்பல் வேலையின் கதையை இங்கிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் தொழிலில் பணியாளருக்குக் கிடைத்த ஒவ்வொரு உரிமையும் யாரோ பட்ட துன்பத்துக்குப் பிறகே வந்திருக்கிறது.

இந்தியர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. பிரிட்டிஷ் கம்பெனிகள் இந்தியர்களைத் தனி ஒப்பந்தத்தில் எடுத்தன. வெள்ளைக்கார மாலுமி வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவோதான் சம்பளம். பி அண்ட் ஓ கம்பெனிக் கப்பல்களின் உணவுக்கூடங்களில் பரிமாறியவர்கள் பெரும்பாலும் கோவாக்காரர்கள். ஒரு பயணம் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை பம்பாயில் தங்கள் ஊர்க்காரர்கள் நடத்திய விடுதிகளில் பாயை விரித்துக் காத்திருந்தார்கள்.

1958இல் ஜெட் விமானங்கள் அட்லான்டிக்கைச் சில மணி நேரத்தில் கடக்கத் தொடங்கின. ஊர் போய்ச் சேருவதற்காகக் கப்பல் ஏறும் வழக்கம் ஓய்ந்தது. சுற்றிப் பார்ப்பதற்காக ஏறும் வழக்கம் வளர்ந்தது. ராயல் கரீபியன் கம்பெனியின் முதல் கப்பலான 'சாங் ஆஃப் நார்வே' 1970இல் மயாமியிலிருந்து புறப்பட்டது. சுமார் 700 பயணிகள் ஏறும் கப்பல் அது. 1972இல் கார்னிவல் கம்பெனி வந்தது. பயணிகளில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள். பல கப்பல்களில் பறந்ததோ பனாமா, லைபீரியா, பஹாமாஸ் கொடிகள். கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாட்டுச் சட்டம்தான் உள்ளே செல்லும். அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலி கரையோடு நின்றுவிட்டது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, ஹோண்டுராஸ், இந்தியா என்று ஆட்கள் வந்து சேர்ந்தார்கள்.

அந்த நாட்களில் அறை ஸ்டூவர்டுக்கும் வெயிட்டருக்கும் அடிப்படைச் சம்பளம் பல கப்பல்களில் மாதம் ஐம்பது டாலரை ஒட்டித்தான் இருந்தது. பிழைப்பு முழுவதும் டிப்ஸில். பயணத்தின் கடைசி இரவு பயணிகள் ஆளுக்கொரு உறை கொடுப்பார்கள். அதற்குள் என்ன இருக்கிறதோ அதுதான் அந்த வாரக் கூலி. நல்ல குடும்பம் அமைந்தால் கை நிறையும். உணவுக்கூடத்தில் கடைசி இரவு தலைகாட்டாமல் நழுவிவிடும் குடும்பம் அமைந்தால், ஏழு நாளும் மூன்று வேளை பரிமாறியது வீண். உறையை வாங்கிய கையால் சலவைக்கூடத்துக்காரருக்கும் சமையலறைக்காரருக்கும் கொஞ்சம் தள்ள வேண்டும், இல்லையென்றால் மறுநாள் விரிப்புத் துணி தாமதமாக வரும். வேலை வாங்கித் தந்த ஏஜென்டுக்குக் கொடுத்த பணத்தை அடைப்பதிலேயே முதல் கான்ட்ராக்ட் கழிந்தவர்கள் ஏராளம்.

வீட்டோடு பேசுவது தனிப் பாடு. துறைமுகத்தில் இறங்கக் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் டெலிபோன் கூண்டுக்கு ஓட வேண்டும். அங்கே ஏற்கெனவே நீண்ட வரிசை நிற்கும். பிள்ளை பிறந்த செய்தி கடிதத்தில் வாரக்கணக்கில் தாமதித்து வரும். தாய் இறந்த செய்தியும் அப்படித்தான்.

இன்றைய கப்பலுக்கு வருவோம். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் கிளம்பிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலின் மொத்த டன்னேஜ் 2,48,663. உச்சமாக 7,600 பயணிகள் ஏறலாம், பணியாளர் மட்டும் 2,350 பேர். ஒரு சிற்றூரே வேலை செய்கிறது என்று சொல்லலாம்.

டிப்ஸ் உறை பெரும்பாலும் மறைந்துவிட்டது. தலைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கம்பெனியே பயணியின் கணக்கில் எழுதி, பிறகு பணியாளர்களுக்குப் பிரிக்கிறது. கையில் வருவது ஓரளவு நிலையாகியிருக்கிறது, இது நல்ல மாற்றம். ஆனால் பயணி வரவேற்பு மேசைக்குப் போய், அந்தத் தொகையை எடுத்துவிடுங்கள் என்று சொல்லவும் பல கம்பெனிகள் இடம் தருகின்றன. கூலியைக் கொடுக்க வேண்டியது முதலாளியா விருந்தாளியா என்ற கேள்வி அன்று போலவே இன்றும் நிற்கிறது.

பேச்சுத் தொடர்பில் வந்த மாற்றம்தான் பணியாளர் வாழ்வை அதிகம் தொட்டிருக்கிறது என்பேன். செயற்கைக்கோள் இணையம் வந்தபின் நடுக்கடலிலிருந்து மகளின் பள்ளி ஆண்டு விழாவை வீடியோ அழைப்பில் பார்க்க முடிகிறது. பணியாளருக்கு வெளியுலகத் தொடர்பு வசதி தர வேண்டும் என்ற விதியும், இணையக் கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும் என்ற வழிகாட்டுதலும் 2024 டிசம்பர் 23 முதல் சர்வதேச உடன்படிக்கையிலேயே இருக்கின்றன.

அந்த உடன்படிக்கை 2006இல் ஜெனீவாவில் ஏற்கப்பட்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 2015இல் ஏற்றது. வேலை வாங்கித் தருவதற்கு ஆளிடம் கட்டணம் வாங்கக் கூடாது. ஊர் திரும்பும் செலவு முதலாளியுடையது. இருபத்து நான்கு மணி நேரத்தில் பத்து மணி நேர ஓய்வு கட்டாயம். படிக்க நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் உள்ளே போனால் மனம் கனக்கிறது. எட்டு மணி நேர வேலையும் வாரம் ஒரு நாள் ஓய்வுமே கடலோடிக்கும் இயல்பான அளவு என்று அதே உடன்படிக்கை சொல்கிறது. உச்ச அளவாக ஒரு நாளைக்கு 14 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம் என்றும் சொல்கிறது. சொகுசுக் கப்பல்களில் நடப்பது இரண்டாவதை ஒட்டித்தான். ஆறு மாதம், எட்டு மாதம் ஓடும் கான்ட்ராக்டில் ஒரு முழு விடுமுறை நாள்கூட இல்லாமல் வேலை செய்வது இன்றும் சாதாரணம். பத்து மணி நேர ஓய்வையும் இரண்டு துண்டாக உடைக்கலாம், ஒரு துண்டு ஆறு மணி நேரம் இருந்தால் போதும்.

தங்குமிடமும் அப்படியே. சரக்குக் கப்பலில் ஆளுக்கொரு தனி அறை வேண்டும் என்கிறது உடன்படிக்கை. பயணிகள் கப்பலுக்கு அந்த விதியிலிருந்து விலக்கு. இருவர் படுக்கும் அறைக்கு 7.5 சதுர மீட்டர் போதும், அதாவது சுமார் 80 சதுர அடி. மேலே கடல் பார்த்த பால்கனி, கீழே ஜன்னலில்லாத அடுக்குக் கட்டில். இந்த விலக்கு ஒழிக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பாதுகாப்பு எப்படி வளர்ந்தது என்பதற்கு ஓர் இரவு சாட்சி. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். கடைசியாக 2014 நவம்பரில் கண்டெடுக்கப்பட்ட உடல் மும்பையைச் சேர்ந்த ஒரு வெயிட்டருடையது. தன் உயிர்காப்பு அங்கியை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார் என்று அவரைப் பற்றிச் சொன்னார்கள். இந்த விபத்துக்குப் பிறகு, பயணிகளுக்கான ஆபத்துக்காலப் பயிற்சியைப் புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும் என்ற விதி 2015 ஜனவரி முதல் வந்தது. தட்டு ஏந்துகிறவரும் படுக்கை விரிக்கிறவரும் ஆபத்தில் பயணிகளைக் கரைசேர்க்கும் பயிற்சி பெற்றவர்கள். பயணிகள் பலருக்கு இது தெரியாது.

2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகஹாமாவில் டயமண்ட் பிரின்சஸ் கப்பல் தடுத்து நிறுத்தப்பட்டபோது 3,711 பேர் அதில் இருந்தார்கள். 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. பயணிகள் அறைக்குள் தனித்திருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள் அறையைப் பகிர்ந்துகொண்டு, ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டு, அறை வாசல்களுக்கு உணவு சுமந்தார்கள். அவர்களில் இந்தியர் 132 பேர். அதன் பிறகு உலகெங்கும் பல்லாயிரம் கப்பல் பணியாளர்கள் ஊர் திரும்ப வழியின்றி மாதக்கணக்கில் கடலிலேயே கிடந்தார்கள்.

இவ்வளவு இருந்தும் இளைஞர்கள் ஏன் போகிறார்கள்? சாப்பாடும் படுக்கையும் இலவசம் என்பதால் சம்பளத்தில் பெரும்பகுதி வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது. தங்கை கல்யாணமும் சொந்த வீடும் அப்படித்தான் நடக்கின்றன. பத்து இருபது நாட்டுக்காரரோடு ஒரே மேசையில் உண்டு பழகியவருக்கு, உலகத்தைப் பார்த்து மிரளும் கூச்சம் போய்விடுகிறது. பெண்களுக்கும் வாசல் அகன்றிருக்கிறது. அன்று அவர்கள் ஏறினாலும் சில வேலைகளோடு நிறுத்தப்பட்டார்கள். 2007இல் ஸ்வீடனைச் சேர்ந்த கரின் ஸ்டாரே-ஜான்சன் 'மோனார்க் ஆஃப் தி சீஸ்' கப்பலின் கேப்டனானார். பெரிய சொகுசுக் கப்பல்களில் அப்பதவிக்கு வந்த முதல் பெண் அவர்.

கேட்டரிங் படித்துவிட்டுக் கப்பல் வேலை தேடும் தம்பி, தங்கைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஏஜென்டின் அலுவலகத்தில் தொங்கும் படங்களைப் பார்க்காதீர்கள். கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் கொடுத்த ஆர்பிஎஸ்எல் எனப்படும் ஆள்சேர்ப்புச் சேவை உரிமத்தின் எண்ணைக் கேளுங்கள், அதை இயக்ககத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, கடலோடிப் புத்தகம் ஆகியவற்றின் செலவு உங்களுடையது. விசா செலவு முதலாளியுடையது. வேலை வாங்கித் தருவதற்கென்று ஒரு ரூபாய் கேட்டாலும் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் மாதங்களையும் சம்பளத்தையும் வேலை நேரத்தையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.