பிளஸ்-2 படிக்காமலே பி.இ.! பாலிடெக்னிக் முடித்தால் நேரடியாக 2-ம் ஆண்டு சேரலாம்

சென்னை:
10-ம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் ஆட்டோ டிரைவர், கொத்தனார், மில் தொழிலாளி வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான். "பிளஸ்-2 படிக்க வச்சு, அப்புறம் 4 வருஷம் என்ஜினீயரிங் பீஸ் கட்ட நம்மால முடியுமா?" முடியாது என்று நினைத்து பிள்ளைகளின் படிப்பை அதோடு நிறுத்துகிறவர்களும் உண்டு. ஆனால் பி.இ.க்குப் போக இன்னொரு வாசல் இருக்கிறது. அதுதான் பாலிடெக்னிக்.

3 ஆண்டு டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ., பி.டெக். படிப்பில் நேரடியாக 2-ம் ஆண்டில் சேரலாம். அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் குறைந்த செலவில் 2 வருஷம் படித்துவிட்டு பல்கலைக்கழகத்துக்கு மாறுவார்கள். கிட்டத்தட்ட அதே மாதிரியான ஏற்பாடு இது.

வருஷம் வீணாகுமா?

ஆகாது. பிளஸ்-2 வழியில் போனால் 2+4, மொத்தம் 6 ஆண்டு. டிப்ளமோ வழியில் 3+3, அதுவும் 6 ஆண்டுதான்.

வித்தியாசம் செலவில் இருக்கிறது. அரசு பாலிடெக்னிக்கில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரத்தோடு முடிந்துவிடும். பி.இ. பீசும் 3 ஆண்டுக்குக் கட்டினால் போதும்.

இன்னொரு லாபமும் உண்டு. பிளஸ்-2 முடித்து பி.இ. சேர்ந்தவர், குடும்ப கஷ்டத்தால் பாதியில் நின்றால் கையில் இருப்பது பிளஸ்-2 மார்க் ஷீட் மட்டுமே. டிப்ளமோ வழியில் போனவர் பாதியில் நின்றாலும், வேலை கேட்க டிப்ளமோ இருக்கும்.

ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கும் வழி

10-ம் வகுப்புக்குப் பிறகு 2 ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக 2-ம் ஆண்டு சேரலாம். அங்கே 2 ஆண்டு, பிறகு பி.இ.யில் 3 ஆண்டு. ஆக 7 ஆண்டில் பிட்டர் படித்த பையனும் என்ஜினீயர் ஆகலாம். பிளஸ்-2வில் கணக்கு எடுத்து பி.எஸ்சி. முடித்தவர்களும் பி.இ. 2-ம் ஆண்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

சீட் எப்படி?

ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி டிப்ளமோவில் 45 சதவீத மார்க் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் போதும். ஒரு பிரிவில் 60 இடம் இருந்தால், 10 சதவீதமாக 6 இடம் வரை கூடுதலாக இவர்களுக்குக் கிடைக்கும். முதல் ஆண்டில் நிரம்பாமல் கிடக்கும் இடங்களும் இவர்களுக்கே. நுழைவுத்தேர்வு கிடையாது, டிப்ளமோ மார்க்தான் கணக்கு. முன்பு கவுன்சிலிங்குக்காக காரைக்குடி வரை பஸ் ஏறிப் போனார்கள். இப்போது எல்லாம் ஆன்லைனில்தான்.

'எம்-3' உஷார்!

இந்த வழியில் வருபவர்கள் அதிகம் தடுமாறுவது கணக்கில்தான். முதல் ஆண்டு கணக்குப் பாடம் படிக்காமல் நேராக 3-வது செமஸ்டருக்குள் நுழைகிறார்கள். அங்கே மாணவர்கள் 'எம்-3' என்று சொல்லும் கணக்குப் பேப்பர் காத்திருக்கும். டிப்ளமோவில் படித்த இன்டகிரேஷனை ரிசல்ட் வரும் முன்பே ஒருமுறை புரட்டிப் பார்த்தால் அரியரில் இருந்து தப்பிக்கலாம். கல்லூரியில் பிரிட்ஜ் கோர்ஸ் நடத்தினால் கட் அடிக்கக் கூடாது.

புரோக்கர்களிடம் ஏமாற வேண்டாம்

"டைரக்ட் செகண்ட் இயர் சீட் வாங்கித் தர்றேன்" என்று அட்வான்ஸ் கேட்பவர்களிடம் பணமோ, ஒரிஜினல் சர்டிபிகேட்டோ கொடுக்க வேண்டாம். கல்லூரிக்கு ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி, அண்ணா பல்கலைக்கழக இணைப்பு இரண்டும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பீஸ் கட்ட வேண்டும்.

முக்கியமாக, டிப்ளமோ கடைசி செமஸ்டரில் ஒரு பேப்பர் அரியர் விழுந்தாலும் அந்த ஆண்டு பி.இ. கனவு தள்ளிப்போகும். பார்ட்-டைம் வேலைக்குப் போகும் பிள்ளைகளை, அந்தப் பரீட்சை மாதம் மட்டுமாவது வீட்டில் உட்கார்ந்து படிக்க விடுவது நல்லது.