ஆயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று

ஒவ்வாமை முற்றி மூச்சு முட்டுகிறவருக்கு முதலில் போடுவது அட்ரினலின் ஊசி. பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடைத் தசையில். இதயம் நின்றுபோனவருக்கும் அதே மருந்துதான். ஆனால் 1 மில்லிகிராம், நேரே ரத்தக் குழாயில், பத்து மடங்கு நீர்த்த கரைசலாக. முதலாவதை 1:1000 என்றும் அடுத்ததை 1:10,000 என்றும் எழுதுவது நெடுநாள் வழக்கம்.

வம்பே இந்த எழுத்தில்தான். 1:1000 என்றால் 1000 மி.லி. கரைசலில் 1 கிராம் மருந்து, அதாவது மி.லி.க்கு 1 மி.கி. 1:10,000 என்றால் மி.லி.க்கு 0.1 மி.கி.தான். எண் பெருகப் பெருக மருந்து குறைகிறது! அவசரத்தில் கண் பெரிய எண்ணைப் பார்த்து ‘வீரியம் அதிகம்’ என்று எண்ணிவிட்டால் பத்து மடங்கு பிழை. அமெரிக்காவில் 2016 முதல் தனி அட்ரினலின் குப்பிகளின் லேபிளில் விகிதம் கிடையாது, மி.கி./மி.லி. மட்டுமே. பல் டாக்டர் போடும் மரப்பு ஊசிக்கு விதிவிலக்கு. நம்மூரில் அதில் பெரும்பாலும் லிக்னோகெய்னோடு அட்ரினலின் 1:80,000 சேர்ந்திருக்கும், மி.லி.க்கு 12.5 மைக்ரோகிராம்.

கணக்கு என்னவோ எளிதுதான். தண்ணீர் சேர்ப்பதால் மருந்து கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. எனவே முதல் செறிவையும் அளவையும் பெருக்கி வருவதும், இறுதிச் செறிவையும் அளவையும் பெருக்கி வருவதும் ஒன்றே. 25% டெக்ஸ்ட்ரோஸிலிருந்து 5% கரைசல் 500 மி.லி. வேண்டுமா? 5 × 500 ÷ 25 = 100. அந்த 100 மி.லி.யோடு 400 மி.லி. கிருமி நீக்கிய ஊசி நீர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும்.

சறுக்குவது வேறிடத்தில். 1:1000 அட்ரினலின் 1 மி.லி.யை ‘10 மி.லி. ஆக்கு’ என்றால் 9 மி.லி. சலைன் சேர்க்க வேண்டும். ‘10 மி.லி. சேர்’ என்று காதில் விழுந்தால் மொத்தம் 11 மி.லி.; மருந்து மி.லி.க்கு 0.09 மி.கி. ஆகிவிடும். இதில் இழப்பு சிறிது. பாதிக்குப் பாதி கலக்கும்போது இதே குழப்பம் வந்தால், 1 மி.லி.யை ‘2 ஆக்கு’வதற்குப் பதில் 2 சேர்த்துவிட்டால், பாதியாக வேண்டியது மூன்றிலொன்றாகிவிடும். அதனால்தான் கலந்த கையோடு சிரிஞ்சில் மருந்தின் பெயரையும் மி.லி.க்கு எத்தனை மி.கி. என்பதையும் எழுதி ஒட்டுவதும், இன்னொருவர் தனியாகக் கணக்குப் போட்டுச் சரிபார்ப்பதும் நல்ல வார்டுகளின் பழக்கம். அவநம்பிக்கையால் அல்ல, பெருக்கலைவிட வாசிப்பில்தான் தவறு அதிகம்.

வீட்டில் நாமும் மருந்துக் கரைசல் கலக்கிறோம்: ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒரு லிட்டருக்கும் வருகிறது, 200 மி.லி.க்கும் வருகிறது. பெரிய பொட்டலத்தை ஒரு தம்ளர் தண்ணீரில் கொட்டினால் உப்பு ஐந்து மடங்கு; வயிற்றுப்போக்குள்ள குழந்தைக்கு அது ஆபத்து. உறையில் போட்டிருக்கும் தண்ணீர் அளவைப் படித்துவிட்டுப் பிரியுங்கள்.