திருப்பத்தூருக்கு ஒரு எம்.பி. இருந்தார்

திருப்பத்தூர் இன்று மாவட்டத் தலைநகர். ஆட்சியர் உண்டு, எஸ்.பி. உண்டு. அதன் பெயரில் நாடாளுமன்றத் தொகுதிதான் இல்லை. வெறும் தாலுகா ஊராக இருந்த காலத்தில் அதுவும் இருந்தது. 1967 முதல் 2004 வரை 11 பொதுத்தேர்தல்களில் 'திருப்பத்தூர்' என்ற பெயரைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார்கள். கார்த்திகை தீபத்துக்கு ஊரையே திரட்டும் திருவண்ணாமலையும் அந்தப் பெயருக்குக் கீழேதான் வாக்களித்தது.

இதில் ஒரு சுற்று இருக்கிறது. 1957, 1962 தேர்தல்களில் தொகுதியின் பெயர் திருவண்ணாமலை. இரண்டு முறையும் வென்றவர் இரா.தர்மலிங்கம். 1957-ல் திமுகவிலிருந்து டெல்லிக்குப் போன இருவரில் அவர் ஒருவர். மற்றவர் நாமக்கல்லில் வென்ற ஈ.வெ.கி.சம்பத். மாநிலத்தின் மக்களவை இடங்கள் 41-லிருந்து 39 ஆகக் குறைந்த 1967-ல் எல்லைகள் மாறின, திருப்பத்தூர் தொகுதி வந்தது. பிறகு 2009-ல் மறுபடியும் திருவண்ணாமலை.

திருப்பத்தூர் தொகுதியின் சுபாவம் தனி. 1977-ல் எம்.ஜி.ஆர். கூட்டணி அடித்த அலையில் தமிழகத்தில் திமுகவுக்கு மிஞ்சியவை 2 இடங்கள். ஒன்று வட சென்னை, இன்னொன்று சி.என்.விஸ்வநாதன் வென்ற திருப்பத்தூர். அப்படிப்பட்ட தொகுதியே பின்னர் காங்கிரசின் அ.ஜெயமோகனை 1984, 1989, 1991 என மூன்று முறை அனுப்பியது. 1996-ல் திமுகவுக்குத் திரும்பியபின் டி.வேணுகோபாலை விடவேயில்லை. அக்கட்சி மாநிலத்தில் ஐந்தே இடங்களில் வென்ற 1998-லும் அவர்தான் ஜெயித்தார். 2009-ல் தொகுதியின் பெயர் மாறியது, எம்.பி. மாறவில்லை. 'திருப்பத்தூர் எம்.பி.' தூங்கி எழுந்து 'திருவண்ணாமலை எம்.பி.' ஆனார், அவ்வளவுதான்.

உள்ளடக்கத்தைப் பார்த்தாலும் பெரிய மாற்றமில்லை. கடைசிக் காலத்தில் திருப்பத்தூர் தொகுதியின் ஆறு சட்டமன்றப் பகுதிகளில் திருப்பத்தூர்ப் பக்கத்தவை இரண்டு: திருப்பத்தூர், நாட்றம்பள்ளி. செங்கம், தண்டராம்பட்டு, திருவண்ணாமலை, கலசப்பாக்கம் நான்கும் திருவண்ணாமலைப் பக்கம். 2009 தேர்தலுக்கு முந்தைய தொகுதி மறுசீரமைப்பில் நாட்றம்பள்ளிக்குப் பதில் ஜோலார்பேட்டையும், தண்டராம்பட்டுக்குப் பதில் கீழ்பென்னாத்தூரும் வந்தன. கணக்கு அதே இரண்டுக்கு நான்கு. திருப்பத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே நேர் ரயில் பாதை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. சிங்காரப்பேட்டை, செங்கம் வழியாகப் பஸ்தான். ரயிலில்தான் போவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர் காட்பாடிக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு வரவேண்டும்.

அந்த மறுசீரமைப்பைச் செய்த ஆணையத்தின் தலைவர் நீதிபதி குல்தீப் சிங். இந்த வட்டாரத்துக்கு அவர் புதியவரல்ல. பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைகளுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்ற அமர்வின் தலைவர் அவரே. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதிசெய்த தீர்ப்பு அது. ஆம்பூர், வாணியம்பாடி ஆலைகளின் தலையெழுத்தையும் தொகுதிகளின் எல்லைக்கோட்டையும் எழுதியவர் ஒரே மனிதர் என்பதை யாரும் பெரிதாகப் பேசி நான் கேட்டதில்லை. அவர் ஆணையத்தின் கோட்டில்தான் இன்னொரு தோல் ஊரான பேரணாம்பட்டின் பெயரில் இருந்த தனித்தொகுதி மறைந்தது. ஆம்பூர் தொகுதி நெடுங்காலம் கழித்து 2011 தேர்தலில் மீண்டும் தலைகாட்டியது.

இந்தக் கோடுகளின் சிக்கல் தெரியவந்தது 2019-ல். ஏப்ரல் 18 அன்று திருப்பத்தூரும் ஜோலார்பேட்டையும் திருவண்ணாமலை எம்.பி.க்கு வாக்களித்தன. பக்கத்து வாணியம்பாடியும் ஆம்பூரும் வேலூர் தொகுதி. அங்கே பணம் கைப்பற்றப்பட்டதால் இரண்டு நாள் முன்னதாக மக்களவைத் தேர்தலே ரத்து. ஆனால் ஆம்பூர் சட்டமன்ற இடைத்தேர்தல் ஏப்ரல் 18 அன்றே நடந்தது. ஆக, ஆம்பூர்க்காரர் ஏப்ரலில் எம்.எல்.ஏ.வுக்கு ஒரு மை, ஆகஸ்ட் 5-ல் எம்.பி.க்கு இன்னொரு மை வைத்துக்கொண்டார். திமுகவின் கதிர் ஆனந்த், அதிமுக கூட்டணியின் ஏ.சி.சண்முகத்தை வென்றது 8,141 வாக்குகளில். குடியாத்தம், கே.வி.குப்பம், அணைக்கட்டு மூன்றும் சண்முகத்துக்கு முன்னிலை தந்தன. வேலூரோடு வாணியம்பாடியும் ஆம்பூரும் சேர்ந்துதான் முடிவைத் திருப்பின.

அந்தத் தேர்தல் முடிந்து பத்தே நாளில், சுதந்திர தின உரையில், வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரியும் என்று முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். நவம்பர் 28-ல் திருப்பத்தூர் மாவட்டம் பிறந்தது. ஆட்சியரைப் பார்க்க வேலூர்வரை போக வேண்டிய அலைச்சல் தீர்ந்தது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாவட்டத்தில் நான்கு சட்டமன்றத் தொகுதிகள். அவற்றில் இரண்டு வேலூர் எம்.பி.யிடம், இரண்டு திருவண்ணாமலை எம்.பி.யிடம். 1792-ல் பாராமகால் பகுதியைக் கைப்பற்றிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அலெக்சாண்டர் ரீட் தலைமையிடம் அமைத்தது இந்தத் திருப்பத்தூரில்தான். பின்பு சேலம் மாவட்டத்தில் இருந்து, 1911-ல் வடாற்காடு போய், வேலூருக்கு வந்து, கடைசியில் தனக்கே மாவட்டமானது. அதன் ஓட்டு மட்டும் இன்னும் வெளியூர்ப் பெயர்களில்தான் எண்ணப்படுகிறது.

பெயர் போனது பெரிய இழப்பா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாலாற்றுக் கழிவோ ஷூ கம்பெனிப் பெண்களின் சம்பளமோ டெல்லிக்குப் போகவேண்டுமென்றால், ஒரே மாவட்டத்துக்காக இரண்டு எம்.பி.க்கள் பேசவேண்டும், இருவரும் 'அது அவர் பகுதி' என்று சொல்லவும் இடமுண்டு. உண்மையான தொல்லை அதுதான். தமிழகத்தில் 234 சட்டமன்ற இடங்கள், 39 மக்களவை இடங்கள். வகுத்தால் ஒரு எம்.பி.க்கு ஆறு. திருப்பத்தூரிடம் நான்கு இருக்கின்றன. அடுத்த மறுசீரமைப்பில் இந்த விகிதம் நீடித்தால் வெளியிலிருந்து இரண்டு வேண்டும். என்னைக் கேட்டால் ஆம்பூரோடு ஒட்டிய குடியாத்தத்தையும், திருப்பத்தூருக்குத் தெற்கே கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையையும் சேர்ப்பேன். இரண்டுமே தனித்தொகுதிகள் என்பதால் கணக்கு அவ்வளவு சுலபமில்லை. கோடு போடுபவர்கள் அதையும் பார்த்தாக வேண்டும்.