மீன் குழம்புக்குக் காய் விற்கும் கடைக்காரர் கவனத்துக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீனை மீன்காரரிடம் வாங்கிவிட்டு, புளி, சின்ன வெங்காயம், கத்தரிக்காய், முருங்கைக்காய், மாங்காய் ஆகியவற்றுக்குத் தாய்மார்கள் நம் கடைக்குத்தான் வருகிறார்கள். அவர்கள் வைக்கும் குழம்பு சரியாக அமைவது பாதி நம் கையில் இருக்கிறது. இதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

பல ஆண்டுகளுக்கு முன், என்னிடம் சரக்கெடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவர் திங்கட்கிழமை காலையில் முருங்கைக்காய்க் கட்டுடன் வந்து நின்றார். "அண்ணாச்சி, உங்க காயாலே மீன் கரைஞ்சு போச்சாம். மூணு வீட்டுக்காரங்க வந்து சத்தம் போடுறாங்க" என்றார். காய்க்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்து அனுப்பிவிட்டேன். இரவு வீட்டில் சொன்னபோதுதான் என் மனைவி விளக்கினார். முருங்கைக்காய் முக்கால் பதம் வெந்ததும் மீனைப் போடுவது வழக்கம். மீன் ஏழெட்டு நிமிடத்தில் வெந்துவிடும். காய் முற்றலாக இருந்தால், அது வேகட்டும் என்று குழம்பை மேலும் கொதிக்க விடுவார்கள். அதற்குள் மீன் உதிர்ந்து முள்தான் மிஞ்சும். மறுநாள் அந்தக் கட்டுக்குரிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அந்த மூன்று வீட்டுக்காரர்களில் ஒருவர் அவர் கடைக்குத் திரும்பவே இல்லையாம்.

அன்று முதல் கட்டைப் பிரித்து உள்காயையும் பார்த்துத்தான் வாங்குகிறேன். வெளியே இளங்காய், உள்ளே முற்றல் என்று கட்டுவது நம் தொழிலில் புதிதல்ல. நல்ல காய் முறுக்கினால் வளைந்து கொடுக்கும். விதை புடைத்துத் தெரியாது. நீளத்தை வைத்து முற்றல் என்று ஒதுக்க வேண்டாம். பெரியகுளத்தில் உருவாக்கி 1989இல் வெளியிட்ட பி.கே.எம்.1 ரகம் இயல்பாகவே நீளமாகக் காய்க்கும்.

கத்தரிக்காயில் காம்பு பச்சையாக இருக்க வேண்டும். நறுக்கியதும் உப்புப் போட்ட தண்ணீரில் போட்டால் கறுக்காது. புதிதாகக் குடித்தனம் வந்த பெண்களிடம் இதைச் சொல்லிக் கொடுங்கள். முருங்கைக்காய் கொஞ்சம் வெந்த பிறகுதான் கத்தரிக்காய் சேர்க்க வேண்டும். மாங்காய் அதற்கும் பிறகு. கிளிமூக்கு மாங்காயில் புளிப்புக் குறைவு. நாட்டு மாங்காய் என்றால் புளியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். புளி விற்பனை குறையுமே என்று பார்த்தால், குழம்பு கெட்ட கோபம் நம் மேல்தான் திரும்பும்.

சின்ன வெங்காயத்தின் மேல் தண்ணீர் தெளிக்கவே கூடாது. கீரைக்குத் தெளிக்கும் பையன் பழக்கத்தில் இதற்கும் தெளித்துவிடுவான். ஈரம் பட்ட வெங்காயம் இரண்டு மூன்று நாளில் அழுகத் தொடங்கி, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். தாள் பையிலோ துணிப் பையிலோ போட்டுக் கொடுப்பதே நல்லது. உரித்த வெங்காயம் கேட்பவர்களுக்கு அன்றைக்கு வேண்டியதை மட்டும் உரித்து வைக்கலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. முன்பு 45 நாளாக இருந்தது 2017 முதல் 61 நாள் ஆனது. மீன் வரத்துக் குறைந்து விலை ஏறும் அந்தச் சமயத்தில்தான் மாங்காயும் முருங்கைக்காயும் மலிந்து வருகின்றன. பல வீடுகளில் அப்போது கருவாட்டுக் குழம்புதான். நெத்திலிக் கருவாட்டைத் தேயிலை, சர்க்கரைப் பக்கம் வைக்காமல் மூடிய டப்பாவில் தனியே வையுங்கள். வெந்நீரில் ஊறவைத்து மண் போகக் கழுவ வேண்டும், குழம்பில் உப்பைக் குறைக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லி விடுங்கள்.

பணத்தைத் திருப்பி வாங்கிய அதே வியாபாரி இப்போது சனிக்கிழமை மாலையிலேயே கூறு கட்டி வைக்கிறார்: கால் கிலோ வெங்காயம், இரண்டு முருங்கைக்காய், நாலு கத்தரிக்காய், எலுமிச்சை அளவு புளி. மாங்காயை மட்டும் கூறில் சேர்ப்பதில்லை. அதை அவரவர் முகர்ந்து பார்த்து எடுக்கட்டும் என்று கல்லாப் பக்கத்தில் கூடையில் வைத்திருக்கிறார்.